மூப்பு வேறு, பழுது வேறு

நுழையும்முன்
கருவியொன்று வேகம் குறைந்தவுடன் அதைக் கைவிட்டுப் புதியதை நாடுவது இன்றைய வழக்கமாகி வருகிறது. வேகம் ஏன் குறைந்தது என்று வினவும் வழக்கமோ அருகி வருகிறது. விளையாட்டுக்குரிய மடிக்கணினியைச் சான்றாகக் கொண்டு, பராமரிப்பின் தேவையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்த ஊர் கிளியனூர். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடப்பதைக் காணலாம். உப்பு விளையும் மண்ணில் இரும்பு நிலைக்காது என்பது இப்பகுதி மக்கள் வாழ்ந்து அறிந்த உண்மை. ஆகவே, மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் இடுகிறார்கள். சன்னல் கம்பிக்கு வண்ணம் பூசுகிறார்கள். சங்கிலி துருப்பிடித்தது என்பதற்காக மிதிவண்டியையே எவரும் எறிந்துவிடுவதில்லை. ஆனால், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி திணறத் தொடங்கினால் மட்டும், ‘இதன் காலம் முடிந்துவிட்டது’ என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். அத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது என்பதே என் கருத்து.

வேகம் குறைவது ஏன்?

விளையாட்டு மடிக்கணினியில் மையச் செயலி, வரைகலைச் செயலி ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் கடுமையாக உழைக்கின்றன. அதனால் எழும் வெப்பத்தைச் செப்புக் குழாய்கள் கடத்திச் செல்ல, மின்விசிறி வெளியேற்றுகிறது. இவ்வழி அடைபட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கும். அது ஏறத்தாழ 100 பாகை செல்சியசை நெருங்கும்போது, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நாம் முதுமை என்று கருதுவது, பல நேரங்களில் கருவியின் இந்தத் தற்காப்பே ஆகும்.

வழியை அடைப்பது எது? முதலாவது தூசி. இரண்டாவது, செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே பூசப்பட்ட வெப்பக்கடத்துப் பசை காலப்போக்கில் உலர்ந்துபோவது. கடலோரத்தில் மூன்றாவதாக உப்பும் சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது, உப்புத்துகள் நீரை ஈர்த்துக் கரைசலாகிறது. அக்கரைசல் உலோக இணைப்புகளை மெல்ல மெல்ல அரிக்கிறது. ஆகவே, உள்நாட்டு ஊர்களைக் காட்டிலும் கடலோர ஊர்களில் கணினியை அடிக்கடித் தூய்மை செய்தல் வேண்டும்.

காரணம் அறிந்து செய்தல்

முதலில் அளந்து பார்க்க வேண்டும். செயலியின் வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள்ளன. விளையாடும்போது வெப்பம் ஏறி வேகம் சரிந்தால், தூய்மை செய்தலும் பசையைப் புதுப்பித்தலுமே முதல் மருந்து. கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கிய பின்னரே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பற்றும் இடர் உண்டு. அதனைப் பழகிய பழுதுநீக்குநரிடமே ஒப்படைக்க வேண்டும்.

வெப்பம் அளவாக இருந்தும் கணினி தாமதித்தால் வேறு காரணம் தேட வேண்டும். பழைய வன்தட்டுகள் பல நிமிடத்திற்கு 5400 முறை சுழன்று தகவலைத் தேடுபவை. அதற்கு மாற்றாகச் சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்தினால், கணினி தொடங்கும் நேரமும் விளையாட்டு திறக்கும் நேரமும் வெகுவாகக் குறையும். ஆனால், திரையில் காட்சிகள் நகரும் வேகம் அதனால் பெரிதும் உயராது. ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம் போதாதபோது அதனைக் கூட்டலாம். செலவே இல்லாத வழியும் ஒன்றுண்டு. 1920×1080 என்னும் திரை நுணுக்கத்தை 1280×720 ஆகக் குறைத்தால், வரைகலைச் செயலி தீட்ட வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். பாதிக்கும் மேலான சுமை இறங்கிவிடுகிறது.

விளையாட்டுக்காக இவ்வளவு முயற்சியா?

இவ்வாறு பெரியோர் கேட்பது இயல்பே. ஆனால், கணினியின் எல்லா உறுப்புகளையும் ஒருசேரச் சோதிப்பது விளையாட்டு. அதனைத் தடையின்றி இயக்கும் கணினி, நிரலாக்கத்தையும் காணொலித் தொகுப்பையும் எளிதில் தாங்கும். மேலும், தன் கணினியைத் திறந்து காரணம் தேடும் மாணவர், இயற்பியல் பாடத்தில் படித்த வெப்பக் கடத்தலையும் வேதியியல் பாடத்தில் படித்த அரிமானத்தையும் நேரில் காண்கிறார்.

இவ்வறிவு விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், பல லட்சம் மாணவர்கள் கணினி பெற்றனர். தொடக்கத்தில் வழங்கப்பட்டவை பத்தாண்டுகளைக் கடந்துவிட்டன. அண்ணன் பயன்படுத்திய அக்கணினி தங்கைக்கும் உதவுமா, பரணில் கிடக்குமா என்பதைப் பழுதுநீக்கும் அறிவே தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பழைய கணினிகளில் லினக்ஸ் வகை இயங்குதளங்களை நிறுவிக்கொள்ளலாம். எல்லா விளையாட்டுகளும் அவற்றில் இயங்கா. எனினும், கல்விக்கு அவை போதுமானவை.

தெரிந்து தெளிவோம்
2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உருவான மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. இந்தியாவில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

பழுதுநீக்கும் உரிமை

பயனரின் அறிவு மட்டும் போதாது; கருவியும் திறக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. பிரான்சு நாடு 2021 முதல், மடிக்கணினி உள்ளிட்ட சில கருவிகளை எவ்வளவு எளிதில் பழுதுநீக்க முடியும் என்பதை மதிப்பெண்ணாக அறிவிக்கச் செய்தது. இந்தியாவிலும் பழுதுநீக்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க, நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 சூலையில் ஒரு குழுவை அமைத்தது. இம்முயற்சி சட்டத்தின் வலிமையைப் பெறவேண்டும். ‘இதன் நினைவகத்தை மாற்ற முடியுமா? உதிரி உறுப்பு கிடைக்குமா?’ என்று வாங்கும்போதே கேட்கும் பழக்கம் நமக்கும் வரவேண்டும்.

எல்லாக் கருவிகளையும் என்றென்றும் காத்துவிட முடியாது. தாய்ப்பலகை முற்றிலும் அரிக்கப்பட்டாலோ, பழுதுநீக்கும் செலவு புதிய கருவியின் விலையை நெருங்கினாலோ விடைகொடுப்பதே அறிவுடைமை. அப்போதும் அதனைக் குப்பையில் எறியாமல், ஏற்புப் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அம்முடிவு சோதித்து அறிந்தபின் எடுக்கப்படுவதாக இருக்கட்டும். உழைத்து ஈட்டிய குடும்பப் பணத்தைப் புதிய கருவிக்குக் கேட்குமுன், பழைய கருவியின் பழுது என்ன என்று கண்டறிந்து சொல்வது மாணவரின் கடமையாகும்.