நிறத்துக்கு அகராதி உண்டோ?

நவீன ஓவியத்தின் முன் நின்றதும் நம்மவருட் பெரும்பாலார் கேட்பது, "இதற்கு என்ன பொருள்?" என்பதே. கேள்வியிற் குற்றமில்லை, அவசரமாக வரும் விடையே தொல்லை. சிவப்பென்றாற் சினம், நீலமென்றாற் துயர், உடல் துண்டுபட்டிருந்தால் உள்ளம் உடைந்தது என வாய்பாடு ஒப்புவிக்கிறோம். மாணவருக்கும் அதனையே கற்பிக்கிறோம்.

2019இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற நவீன, சமகாலக் கலைக்கான அரும்பொருட்காட்சிச்சாலை பின்னர் கொள்ளுப்பிட்டிக்கு வந்தபோது, கடைக்குச் சென்றோரும் ஓவியத்தைக் காணும் வாய்ப்புப் பெற்றனர். விளக்கங்கள் தமிழிலும் இருந்தன. ஆயினும், விளக்கம் நமக்காகப் பார்த்துத் தராது. பார்க்க வேண்டியவை நம் கண்களே.

1943இல் கொழும்பிலே தோன்றிய '43 குழு'வைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற்றின் பெண்ணுருவங்களை எடுத்துக்கொள்வோம். ஒரே முகத்தில் நேர்ப்பார்வையும் பக்கப்பார்வையும் சேர்ந்திருக்கும். தோளும் கையும் வளைகோடுகளாற் பிரிபட்டிருக்கும். இது பிக்காசோவிடம் கற்ற முறை. கோட்டின் குழைவோ பழைய இந்தியச் சிற்பத்தின் உறவு. இங்கே சிதைவில்லை. பல புறமும் ஒருங்கே காண விழையும் காதற் பார்வையே உண்டு. பாதாதிகேசம் பாடிய நம் புலவரும் உறுப்புறுப்பாகப் பிரித்தே பாடினர். அதனால் தலைவி சிதைந்தாளென்று எவரும் அழவில்லை.

ஆனால், இதே அளவுகோலை எங்கும் கொண்டுசெல்லலாகாது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் போன்றோர் போரின் அனுபவத்திலிருந்து வரைந்த உடல்களில், பிரிவு என்பது பார்க்கும் முறை மட்டுமன்று. மண்ணிலும் மனிதரிலும் நிகழ்ந்துவிட்டதொன்று. அவற்றைப் 'பிக்காசோ பாணி' என்று பாராட்டி நகர்வது, இழவு வீட்டிலே பந்தலின் அழகை வியப்பதற்கு ஒப்பாகும். கீற்றின் படத்திற் போர்க்காயம் தேடுவதும், காயத்தின் படத்திற் பாணியை மட்டும் காண்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பேன்.

நிறமும் இத்தகையதே. தனியொரு சுரம் இராகமாகாது. அடுத்துவரும் சுரங்களே அதற்கு உணர்வூட்டுகின்றன. கூறைச் சேலையின் சிவப்பும் குருதியின் சிவப்பும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்த வர்ணமாகவே இருக்கலாம். அருகில் நிற்கும் நிறமும், சூழ்ந்து செல்லும் கோடும், வரையப்பட்ட காலமுமே எது எதுவெனச் சொல்லும்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: படத்தைக் காட்டியதும் பொருளைக் கேளாதீர்கள். எந்த நிறத்தருகே எந்த நிறம் நிற்கிறது, உடல் எவ்விடத்திற் பிரிகிறது, எங்கே மீண்டும் கூடுகிறது என்று கேளுங்கள். பின்னர், எப்போது, எந்த ஊரில் வரையப்பட்டதெனச் சொல்லுங்கள். அதன்பின் மாணவன் கூறும் பொருள், வாய்பாட்டிலிருந்து வந்ததாயிராது; அவன் கண்ணிலிருந்து வந்ததாயிருக்கும்.