அவர் மருந்து, என் நோய்

ஞாயிறு காலை வானொலி நிகழ்ச்சி முடிந்ததும் கோல்ஃப் பயிற்சித் திடலுக்குப் போவது எனக்கு ஆறு மாதப் பழக்கம். நூறு பந்து அடித்தால் எண்பது வலப்பக்கம் வளைந்து ஓடிவிடும். அதைத் திருத்தத்தான் பென் ஹோகனைப் படிக்கத் தொடங்கினேன்.

ஹோகன் 1912-இல் டெக்சாஸில் பிறந்தவர். சிறு வயதில் கோல்ஃப் மைதானத்தில் அடுத்தவர் மட்டைப் பையைத் தூக்கியவர். 1949 பிப்ரவரியில் அவர் கார் மீது பேருந்து மோதியது. இனி நடப்பாரா என்றே பலருக்கும் சந்தேகம். 16 மாதத்தில் அமெரிக்கப் பொதுப் போட்டியை வென்றார்!

மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோகும் முதல் அசைவை 'டேக்அவே' என்பார்கள். 1957-இல் வந்த 'ஐந்து பாடங்கள்' நூலில் ஹோகன் அதற்கு ஒரு வரிசை சொல்கிறார். முதலில் உள்ளங்கைகள், இம்மி நேரம் கழித்து முழுக் கைகள், பிறகு தோள்கள், கடைசியில் இடுப்பு. அதற்கு முன் மட்டையை லேசாக முன்னும் பின்னும் அசைப்பார். அது படபடப்பு அல்ல, அடிக்கப் போகும் அடிக்கு ஒத்திகை.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் 1955-இல் 'லைஃப்' இதழில் அவர் வெளியிட்ட 'ரகசியம்' கண்ணில் பட்டது. இடது கைப்பிடியைச் சற்று இடப்பக்கம் திருப்ப வேண்டும். மட்டை மேலேறும்போது இடது மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்க வேண்டும். இரண்டு மாதம் அப்படியே செய்தேன். பந்து இன்னும் அதிகமாக வலப்பக்கம் ஓடியது.

திடலில் ஒரு பெரியவர், இளமையில் பை தூக்கியவர், பார்த்துக்கொண்டே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, அவருக்குப் பந்து எந்தப் பக்கம் போய்க்கிட்டிருந்துச்சு?"

"இடப்பக்கம், ஐயா."

"உனக்கு?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"அப்புறம் அவர் மருந்தை நீ ஏம்மா சாப்பிடுறே?"

உண்மைதான். இடப்பக்கம் வளையும் பந்தோடு பல ஆண்டுகள் போராடியவர் ஹோகன். அந்த மணிக்கட்டு மடிப்பு மட்டையின் முகத்தைத் திறந்து வைக்கும். அவருக்கு அது தேவைப்பட்டது. என் மட்டையோ ஏற்கெனவே திறந்து கிடந்தது.

இதே தப்பை நான் வானொலியிலும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த அறிவிப்பாளர் நிறுத்தி நிறுத்திப் பேசுவதை அப்படியே பின்பற்றினேன். அவர் இயல்பில் வேகமாகப் பேசுபவர், அதனால் நிறுத்தினார். நான் இயல்பிலேயே நிதானம். என் நிகழ்ச்சி ஒரு வருடம் தூங்கி வழிந்தது. வேலையே போயிருக்கும்.

இப்போது பிடியைப் பழையபடி மாற்றிவிட்டேன். ஹோகனிடமிருந்து ஒத்திகையையும் அந்த வரிசையையும் மட்டும் வைத்துக்கொண்டேன். போன ஞாயிறு நூறில் பாதிப் பந்து நேராகப் போனது. மீதிப் பாதிக்குக் காரணம், வரிசையில் கடைசியாக வர வேண்டிய என் இடுப்பு முந்திக்கொள்வதுதான். அது என் சொந்த நோய். மருந்தையும் நானே தேட வேண்டும்.