8 திருமணங்கள், 7 கணவர்கள்... கிசுகிசுவையே ஆயுதமாக்கிய எலிசபெத் டெய்லர்!

2025 அக்டோபரில் வெளியான டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்’ ஆல்பத்தில் இரண்டாவது பாட்டின் பெயரே ‘எலிசபெத் டெய்லர்’தான். ‘யாருப்பா இவங்க?’ என்று தேடினால், முதலில் கண்ணில் படுவது ஒரு கணக்கு: 8 திருமணங்கள், 7 கணவர்கள். 2011-ல், 79 வயதில் மறைந்த ஹாலிவுட் நடிகை அவர். அந்தக் கணக்கைத் தாண்டி அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

கல்யாணமே விளம்பரம்!

லண்டனில் 1932-ல் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர் எலிசபெத். ‘நேஷனல் வெல்வெட்’ (1944) படம் வந்தபோது அவருக்கு 12 வயது. அப்போதே ஸ்டார்.

1950-ல் ‘ஃபாதர் ஆஃப் தி பிரைட்’ படத்தில் மணப்பெண்ணாக நடித்தார். அதே ஆண்டு நிஜத்திலும் கல்யாணம். மாப்பிள்ளை, ஹில்டன் ஹோட்டல் குடும்பத்து வாரிசு நிக்கி ஹில்டன். எம்.ஜி.எம். ஸ்டூடியோ அந்தக் கல்யாணத்தைப் பட விளம்பரமாகவே பயன்படுத்திக்கொண்டது. ஆனால், கணவர் குடித்துவிட்டு அடித்ததாகப் பின்னாளில் எலிசபெத் சொன்னார். ஓராண்டுக்குள் விவாகரத்து. அப்போது அவருக்கு வயது 18.

அடுத்து, நடிகர் மைக்கேல் வைல்டிங்குடன் 5 ஆண்டுகள், இரண்டு மகன்கள். மூன்றாவது கணவரான தயாரிப்பாளர் மைக் டாட், 1958-ல் விமான விபத்தில் இறந்தார். சளி, காய்ச்சலால் அந்தப் பயணத்துக்குப் போகாததால்தான் எலிசபெத் உயிர் தப்பினார். 26 வயதில் 3 குழந்தைகளுடன் கணவரை இழந்து நின்றார்.

அனுதாபம் எப்போது மறைந்தது?

டாட்டின் நெருங்கிய நண்பர், பாடகர் எடி ஃபிஷர். அவருடைய மனைவி நடிகை டெபி ரெனால்ட்ஸ், எலிசபெத்தின் தோழி. ஃபிஷர் குடும்பத்தை விட்டு வந்து 1959-ல் எலிசபெத்தை மணந்தார். அதுவரை பரிதாபப்பட்ட பத்திரிகைகள், ஒரே நாளில் ‘குடியைக் கெடுத்தவள்’ என்று எழுதத் தொடங்கின.

உச்சம், ‘கிளியோபாட்ரா’ (1963). சம்பளம் 10 லட்சம் டாலர். அந்தக் காலத்தில் ஒரு நடிகைக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ரோமில் படப்பிடிப்பு நடந்தபோது, உடன் நடித்த ரிச்சர்ட் பர்ட்டனுடன் காதல். இருவருமே அப்போது திருமணமானவர்கள். படகில் அவர்கள் நெருக்கமாக இருந்த புகைப்படங்கள் உலகம் முழுக்கப் பரவின. வாடிகனின் வார இதழ் கண்டித்தது. இருவரையும் மீண்டும் அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்றுகூட ஜார்ஜியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கிளம்பினார்.

1964-ல் பர்ட்டனுடன் திருமணம். 1974-ல் விவாகரத்து. 1975-ல் மறுபடியும் கல்யாணம், அடுத்த ஆண்டே மறுபடியும் பிரிவு! கணவர்கள் 7 பேர், திருமணங்கள் 8 என்ற கணக்கு வந்தது இதனால்தான்.

‘காதலித்தால் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்தார்கள்’ என்பது இதற்கு எலிசபெத் தந்த விளக்கம். ஊர் ஒழுக்கக்கேடு என்று பார்த்ததை, அவர் ஒழுக்கம் என்று நினைத்தே செய்திருக்கிறார்.

கேமராவைத் திருப்பியது எப்படி?

1985-ல் எய்ட்ஸ் என்றாலே அமெரிக்காவில் பயம். நோயாளிகளிடம் கைகுலுக்கவே தயங்கினார்கள். அதற்காக நிதி திரட்ட எலிசபெத் இறங்கியபோது, ஹாலிவுட் பிரபலங்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். ‘ஜெயன்ட்’ படத்தில் அவருடன் நடித்த நெருங்கிய நண்பர் ராக் ஹட்சன் அதே ஆண்டு எய்ட்ஸால் இறந்தார். ஆராய்ச்சியாளர் மத்தில்டே கிரிம் போன்றோருடன் சேர்ந்து ‘ஆம்ஃபார்’ எய்ட்ஸ் ஆராய்ச்சி அறக்கட்டளையை எலிசபெத் தொடங்கினார். எய்ட்ஸ் பற்றிப் பெரிதாகப் பேசாமலேயே இருந்த அதிபர் ரீகன், 1987-ல் அதற்காகவே ஒரு முழு உரை ஆற்றியது ஆம்ஃபாரின் விருந்து மேடையில்தான். அழைத்தவர் எலிசபெத்.

1991-ல் கட்டுமானத் தொழிலாளி லாரி ஃபோர்டென்ஸ்கியுடன் 8-வது திருமணம். இடம், மைக்கேல் ஜாக்சனின் பண்ணை வீடு. படம் பிடிக்க வானத்தில் ஹெலிகாப்டர்கள் வட்டமடித்தன. எலிசபெத் என்ன செய்தார் தெரியுமா? கல்யாணப் படங்களை ‘பீப்பிள்’ இதழுக்கு 10 லட்சம் டாலருக்கு விற்றார். அந்தப் பணத்தைப் போட்டு, நோயாளிகளுக்கு உதவ எலிசபெத் டெய்லர் எய்ட்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். 18 வயதில் ஸ்டூடியோ அவருடைய கல்யாணத்தை விற்றது. 59 வயதில் அவரே விற்றார். யாருக்காக என்பதையும் அவரே முடிவு செய்தார்.

இன்று ஏன் முக்கியம்?

2017-லேயே ஒரு பாட்டில் டெய்லர்-பர்ட்டன் ஜோடியைக் குறிப்பிட்டவர் ஸ்விஃப்ட். காதலர்களின் பட்டியலை வைத்தே அவரையும் பல ஆண்டுகள் கிண்டல் செய்தார்கள். அதே பட்டியலைப் பாட்டாக்கி ஜெயித்தவர் அவர். எலிசபெத் அவருக்கு ஏன் நெருக்கமானவர் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

எலிசபெத்தின் காதல்களில் மற்றவர்கள் காயப்பட்டதும் உண்மை. டெபி ரெனால்ட்ஸ் ஓர் உதாரணம். பிற்காலத்தில் அவரும் எலிசபெத்தும் மீண்டும் நட்பானார்கள், 2001-ல் ஒரு டிவி படத்தில் சேர்ந்தே நடித்தார்கள். ஃபிஷரை அந்த இரண்டு பெண்களும் எப்போதோ கடந்துவிட்டார்கள். ஊர்தான் இன்னும் கணவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.