ஆணிப்பெட்டிக்குத் தோற்ற அறிஞர்

அறிவியல் கற்றவர்க்கு அரசியல் ஆகாது என்பது ஆள்வோர் தமக்கு வாய்ப்பாகப் பரப்பி வைத்துள்ள கருத்து. ஆய்வுக்கூடத்தில் அடங்கிக் கிடப்பவனே நல்லறிஞன் என்றும், கோட்டை வாயிலில் நின்று கேள்வி கேட்பவன் தன் துறைக்கே இரண்டகம் செய்தவன் என்றும் அவர்கள் சொல்லுவர். அக்கருத்தை உடைத்தெறிந்து வெளிவந்த ஓர் இயற்பியல் பேராசிரியரின் வரலாறு பெலாருசு நாட்டில் உண்டு. அவர் உயர்ந்ததும் வீழ்ந்ததும், மொழியுரிமையும் நாட்டுரிமையும் வேண்டி நிற்கும் எவ்வினத்தாரும் ஆழ்ந்து எண்ணிப் பார்க்கத் தக்கன.

சுட்டானிசுலாவு சூச்கேவிச்சு 1934-இல் மின்சுக்கு நகரில் பிறந்தார். தந்தையார் பெலாருசிய மொழியில் பாப்புனைந்தவர். தாய்மொழியில் எழுதுவதே ஐயத்திற்குரிய செயலாக இருந்த காலம் அது. 1937 அக்குதோபர் இறுதியில் ஓரிரவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பெலாருசிய எழுத்தாளரும் அறிஞரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சூச்கேவிச்சின் தந்தையார் சாவினின்று தப்பினாரேயன்றிச் சிறையினின்று தப்பவில்லை. 1930-களில் பிடிக்கப்பட்ட அவர் முழு விடுதலை பெற்றது 1956-இல். மகன் பல்கலைக்கழகப் படிப்பை முடித்ததும் அதே ஆண்டில்தான்.

பாவலன் மகன் பாவலனாகவில்லை, இயற்பியலைத் தேர்ந்தார். சொல்லுக்குத் தண்டனை தரும் ஆட்சி எண்ணுக்குத் தண்டனை தராது என்று கருதினாரோ, என்னவோ! 1960-களின் தொடக்கத்தில் மின்சுக்கிலுள்ள மின்னணுக் கருவித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தபோது, அங்கு வந்து சேர்ந்த ஓர் அமெரிக்க இளைஞனுக்கு மொழி கற்பிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்விளைஞன், பின்னாளில் கென்னடியைக் கொன்றவன் எனக் குற்றஞ்சாட்டப்பெற்ற ஆசுவால்டு. பெலாருசியப் பாவலரின் மகன் பெலாருசிய மண்ணில் அயலானுக்குக் கற்பித்த மொழியோ உருசியம்! தொழிற்சாலையில் வழங்கியது அதுதான். பல்கலைக்கழகத்தில் வழங்கியதும் அதுதான். பின்னர் அவர் பேராசிரியரானார். அணுக்கரு இயற்பியல் கற்பித்தார். பாடநூல்களும் ஆய்வுரைகளும் எழுதினார். 1986-இல் பெலாருசு அரசுப் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் ஆனார். அமைதியாக ஓய்வு பெறுவதற்கு வேண்டிய அனைத்தும் அவரிடம் இருந்தன.

1986 ஏப்பிரல் 26 அந்த அமைதியைக் குலைத்தது. செர்னோபில் அணுவுலை இருந்தது உக்ரேனில். ஆனால் வெடித்துச் சிதறிய கதிர்நஞ்சில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு விழுந்தது பெலாருசின் மேல். நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு இருபத்து மூன்று பங்கு கெட்டது. மழையில் இறங்கிய நஞ்சு புல்லுக்குச் சென்று, புல்லிலிருந்து பாலுக்குச் சென்று, பாலிலிருந்து குழந்தைகளின் கழுத்துச் சுரப்பிக்குச் சென்றது. அதைக் கண்ணால் காணவியலாது, கருவியால் அளக்கலாம். அளக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் இருந்தனர். அளந்ததை வெளியே சொல்லத்தான் அவர்களுக்கு இசைவில்லை. வெடிப்பு நடந்த ஐந்தாம் நாள் மே நாள் ஊர்வலத்தில் பிள்ளைகளை நடக்கவிட்ட ஆட்சி அது! அணுக்கருவியல் கற்பித்த ஒருவர், எண்களை அறிந்த ஒருவர், அந்நிலையில் வாய் மூடியிருந்தால் அவர் நடத்திய பாடத்திற்குப் பொருள் என்ன? சூச்கேவிச்சு வாய் திறந்தார். ஆள்வோர் மறைத்ததைக் குற்றமென்றார். 1989-இல் சோவியத்து மக்கள் பேராளர் அவைக்கும், 1990-இல் பெலாருசு உச்ச அவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1991 ஆகசுட்டில் மாசுக்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயன்று தோற்றது; பெலாருசு விடுதலை அறிவித்தது; செபுத்தம்பரில் சூச்கேவிச்சு அவைத் தலைவராகி நாட்டின் முதல்வராக நின்றார். திசம்பர் 8-ஆம் நாள் பெலவேசுக் காட்டின் வேட்டை மாளிகையில் உருசியாவின் எல்த்சினும் உக்ரேனின் கிராவ்சுக்கும் அவரும் கூடினர். எண்ணெயும் எரிவளியும் பற்றிப் பேசவே அவர் எல்த்சினை அழைத்திருந்தார். பேசி முடித்து எழுந்தபோது சோவியத்து ஒன்றியமே இல்லாமற் போயிருந்தது. அச்செய்தியைக் கோர்பச்சேவுக்குத் தொலைபேசியில் சொல்லும் பொறுப்பு, மூவருள் பேராசிரியராய் இருந்தவர் தலையில்தான் விழுந்தது.

அவர் செய்தவற்றுள் தலையாயது, பெலாருசு மண்ணில் நின்ற 81 அணுக்கணைகளையும் விலை பேசாது வெளியேற்ற முடிவு செய்தது. அணுவை அறிந்தவர்க்கு அதில் பெருமை தோன்றவில்லை. செர்னோபிலைக் கண்ட நாட்டுக்கு அது வேண்டியிருக்கவுமில்லை. கடைசிக் கணை 1996-இல் சென்றது. அப்போது அவர் ஆட்சியில் இல்லை.

அவர் தவறிய இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். பெலாருசியமே ஆட்சிமொழி எனும் சட்டம் 1990 சனவரியிலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆனால் அதை நிறைவேற்ற ஆண்டுக்கணக்கில் தவணை கொடுத்திருந்தனர். தாய்மொழிக்குத் தவணை கொடுப்பது பகைவனுக்குக் கால வாய்ப்புக் கொடுப்பதாகும். அவையிலோ பழைய பொதுவுடைமைக் கட்சி அலுவலரே பெரும்பான்மையர். 1992-இல் புதுத் தேர்தல் வேண்டி நான்கு இலக்கத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு வாக்கெடுப்புக் கேட்டனர், அவை மறுத்தது, அவைத் தலைவரால் அம்மறுப்பைத் தடுக்க முடியவில்லை. தமக்கென மக்கள் இயக்கம் ஒன்றைக் கட்டாமல், வகுப்பில் நடப்பதுபோல் நல்ல சான்றினால் எதிரியை ஒப்பச் செய்துவிடலாம் என்று அவர் நம்பியதாகவே தோன்றுகிறது. அரசியலில் சான்று மட்டும் போதுவதில்லை.

1993 இறுதியில் இலூக்கசெங்கோ என்னும் பேராளர், ஊழல் ஆய்வுக் குழுவின் தலைவராக எழுந்து உயர் பொறுப்பினர் பலர்மீது குற்றஞ்சாட்டினார். சூச்கேவிச்சு மேல் சொல்லப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? தம் நாட்டுப்புற வீட்டுக்கு ஒரு பெட்டி ஆணியைப் பணம் கொடாமல் பெற்றாராம்! ஒரு பேரரசைக் கலைக்கும் ஆவணத்தில் கையெழுத்திட்டவரை 1994 சனவரியில் ஓர் ஆணிப்பெட்டியைக் காட்டி இறக்கினர். அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை நூற்றுக்குப் பத்து வாக்குகளே. வென்றவர் இலூக்கசெங்கோ. உலகில் உருசியமும் ஆங்கிலமுமே பெருமொழிகள், பெலாருசியத்தில் உயர்ந்தது எதையும் சொல்ல முடியாது என்று பேசியவர் அவர். 1995 மே வாக்கெடுப்பில் உருசியத்திற்குச் சம நிலை வந்தது. சமநிலை என்பது வலியதற்கு வாயில் திறப்பதே. 1999 கணக்கெடுப்பில் வீட்டில் பெலாருசியம் பேசுவோர் நூற்றுக்கு முப்பத்தேழு. 2009-இல் இருபத்து மூன்று.

பின்னர் நாட்டின் முன்னாள் தலைவருக்குத் திங்கள் ஓய்வூதியம் விலையேற்றத்தால் இரண்டு அமெரிக்கத் தாலருக்கும் கீழாயிற்று. அதை உயர்த்தித் தர மறுத்த அரசின்மேல் 2002-இல் வழக்குத் தொடுத்தார். வயிற்றுப்பாட்டிற்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவு ஆற்றினார். தாம் விட்டு வந்த ஆசிரியப் பணியே அவருக்குச் சோறு போட்டது. ஆனால் அப்பணி அவர் நாட்டில் இல்லை. எனினும் நாட்டை விட்டு ஓடவில்லை. சமன்மைக் குடியாட்சிக் கட்சி ஒன்றை ஆண்டுகள் பல நடத்தி, மின்சுக்கிலேயே வாழ்ந்தார்.

2022 பிப்பிரவரி வாக்கெடுப்பில், அணுப்படைக்கலம் அற்ற நாடு என்னும் தொடர் பெலாருசு அரசமைப்பினின்று நீக்கப்பட்டது. அவ்வாண்டு மே முதற்கிழமையில் 87 அகவையில் சூச்கேவிச்சு மறைந்தார். 2023-இல், உருசிய அணுப்படைக்கலங்கள் பெலாருசுக்கு வந்து சேர்ந்தன என்று இரு நாட்டுத் தலைவர்களும் அறிவித்தனர்.