மணி அடிக்குது... காதில் விழலையே!

‘சார், நான் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவி. புராஜெக்ட்டுக்குத் தேவையான போர்டு எங்கள் லேபில் இல்லை. வாங்கவும் வசதியில்லை. அதனால் லேப்டாப்பிலேயே எமுலேட்டர் போட்டு, ஆர்ம் நிறுவனத்தின் வெர்சடைல் எக்ஸ்பிரஸ் போர்டை ஓட்டுகிறேன். லினக்ஸ் அழகாக பூட் ஆகிறது. ஆனால் நெட்வொர்க்கை ஆன் செய்தால் மட்டும், அப்படி ஒரு சாதனமே இல்லை என்கிறது. மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். எமுலேட்டரில் இதெல்லாம் ஓடாது, புராஜெக்ட்டை மாற்று என்கிறார்கள் தோழிகள். மாற்றிவிடவா?’

வேண்டாம்மா, மாற்றாதே! நீ அனுப்பியிருந்த ஃபைலைப் பார்த்தேன். திருத்த வேண்டியது ஒரே ஓர் எண்தான். அது எந்த எண் என்பதற்கு முன்னால், மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் அடுப்படிப் பக்கம் போய்விட்டு வருவோம்.

பாலா, குக்கரா?

அடுப்பில் பால் வைத்தால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குக்கர் வைத்தால் நாம் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கலாம். விசில் வந்தால் போய்ப் பார்த்தால் போதும். கம்ப்யூட்டரின் பிராசஸர் வேலை செய்வதும் குக்கர் முறையில்தான். ‘தகவல் வந்ததா, வந்ததா’ என்று நெட்வொர்க் சிப்பின் வாசலில் அது காத்துக்கிடப்பதில்லை. தகவல் வந்ததும் சிப் ஒரு மணி அடிக்கும். கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு பிராசஸர் ஓடிவந்து கவனிக்கும். இந்த மணிக்குப் பெயர்தான் இன்டரப்ட்.

உங்கள் போனில் மெசேஜ் வந்ததும் ஸ்கிரீன் ஒளிர்கிறதே, அதற்குப் பின்னாலும் இப்படியொரு மணி இருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள நெட்வொர்க் முழு வேகத்தில் ஓடினால், நொடிக்குச் சுமார் 8,000 பெரிய தகவல் பொட்டலங்கள் வரும். அந்த மணி காதில் விழாவிட்டால், சிப் நன்றாக இருந்தும் பயனில்லை.

இல்லாத போர்டு

எமுலேட்டர் என்பது, ஒரு போர்டு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகாட்டும் மென்பொருள். அதற்குள் ஓடும் லினக்ஸ், தான் நிஜ போர்டில் இருப்பதாகவே நம்பும். இந்த மாணவி பயன்படுத்துவது கியூஎமு. பிரான்ஸைச் சேர்ந்த ஃபேப்ரிஸ் பெல்லார்டு 2003-ல் வெளியிட்டது. முழுக்க இலவசம். வீடியோ மென்பொருள்கள் பலவற்றுக்குள் இருக்கும் எஃப்எஃப்எம்பெக்கை ஆரம்பித்தவரும் இவரே. ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு போனை ஓட்டிப் பார்ப்பார்களே, அந்த எமுலேட்டரும் கியூஎமுவின் மேல் கட்டப்பட்டதுதான்.

இதில் மணி அடிப்பதும் மென்பொருள்தான். ஆனால் நிஜ போர்டில் மணி எப்படிப் பயணிக்குமோ, அதே பாதையில்தான் இங்கேயும் பயணிக்க வேண்டும். சிப்பில் கிளம்பி, இன்டரப்ட் கன்ட்ரோலர் என்ற வாயில்காப்போனைத் தாண்டி, பிராசஸருக்குப் போய், கடைசியில் டிரைவர் என்ற நிரலை எழுப்ப வேண்டும். நடுவில் எங்கே அறுந்தாலும் நெட்வொர்க் கிடையாது.

முதலில் எண்ணிப் பாருங்கள்

பலர் செய்வது என்ன? கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றி மாற்றி மறுபடி பூட் செய்வது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. லினக்ஸில் புராக் என்ற அடைவுக்குள் இன்டரப்ட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. எந்த மணி எத்தனை முறை அடித்தது என்று அதில் கணக்கு இருக்கும். நெட்வொர்க்கைப் பயன்படுத்தும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை அதைப் பார்த்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கிறதா? மணியின் வயர் வேறு அறைக்குப் போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மாணவியின் சிக்கல் இதுதான். இந்த போர்டில் இருக்கும் நெட்வொர்க் சிப், லான்9118. இதன் லினக்ஸ் டிரைவர் விவரமானது. நெட்வொர்க்கை ஆன் செய்ததும், சிப்பைச் சோதனைக்காக ஒருமுறை மணி அடிக்கச் சொல்லும். அது தன் காதில் விழாவிட்டால், ‘சாதனம் இல்லை’ என்று கதவைச் சாத்திவிடும். லாக்கைப் புரட்டினால் அந்தச் சோதனை தோற்ற செய்தி இருக்கும்.

ஏன் விழவில்லை? ஆர்ம் கன்ட்ரோலரில் 0 முதல் 31 வரையிலான எண்கள் பிராசஸர்களின் சொந்த உபயோகத்துக்கு. வெளிச் சாதனங்களுக்கு 32-லிருந்துதான் எண்கள் தொடங்கும். இந்தச் சிப்பின் எண் 47. ஆனால், போர்டின் வரைபடமான டிவைஸ் ட்ரீயில், வெளிச் சாதனங்களின் வரிசையில் இது எத்தனையாவது என்று பூஜ்யத்திலிருந்து எண்ணி எழுத வேண்டும். அதாவது 47-லிருந்து 32-ஐக் கழித்து, 15. மாணவி 47 என்றே எழுதியிருக்கிறார். லினக்ஸ் அதனுடன் 32-ஐக் கூட்டி, 79-ம் எண் மணிக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அடிப்பதோ 47-ம் எண் மணி!

கணக்கு லட்சக்கணக்கில் எகிறுகிறதா? இது நேர்எதிர் நோய். இந்தச் சிப்பின் மணி குக்கர் விசில் போல் அடித்து ஓய்வதில்லை. தூக்கும்வரை அழும் குழந்தை மாதிரி. டிரைவர் வந்து, ‘பார்த்துவிட்டேன்’ என்று சிப்பின் பதிவேட்டில் குறித்தால்தான் நிற்கும். சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், பிராசஸர் வேறு வேலையே பார்க்க முடியாது. இன்னொரு விதமும் உண்டு: மணி அடிக்கிறது, ஆனால் எந்த டிரைவரும் ‘இது என்னுடையது’ என்று சொல்வதில்லை. ஒரு லட்சம் மணியில் 99,900-க்கும் மேல் இப்படிக் கேட்பாரற்றுப் போனால், ‘யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்று எழுதிவைத்துவிட்டு லினக்ஸ் அந்த வயரையே துண்டித்துவிடும்.

கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோகிறதா? அழுகிற குழந்தையை விசில் என்று டிவைஸ் ட்ரீயில் தவறாக எழுதியிருக்கலாம். விசில் முறையில், சத்தம் தொடங்கும் கணம் மட்டுமே கணக்கு. ஒரு பொட்டலத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தால், அழுகை நிற்காமல் தொடர்கிறது. புதிதாகத் தொடங்குவதில்லை. அதனால் அந்த மணி கணக்கில் வராது. அதன்பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடக்கும்.

ஒரு பொய் எச்சரிக்கை

எண்ணைத் திருத்தியதும், உற்சாகத்தில் ஏதாவது வெப்சைட்டுக்கு பிங் அடித்துப் பார்த்து, பதில் வராவிட்டால் மனம் உடைந்துவிடாதே. கியூஎமுவின் சாதாரண நெட்வொர்க் முறையில் வெளியுலகத்துக்கு பிங் பெரும்பாலும் போகாது. அது இன்டரப்டின் குற்றமல்ல. 10.0.2.2 என்ற முகவரிக்கு அடித்துப் பார். அது எமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் வாசல். அங்கிருந்து பதில் வந்து, மணிக் கணக்கும் ஏறினால் வேலை முடிந்தது.

எமுலேட்டர் மட்டமா?

தோழிகளுக்கும் ஒரு பதில். நிஜ போர்டில் மணி அடித்ததா என்று பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். எமுலேட்டரில் போர்டையே நடுவில் நிறுத்தி, பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் படிக்கலாம். ஒவ்வொரு மணியையும் லாக்கில் எழுதவைக்கலாம். எதைத் தப்பாக மாற்றினாலும் புகை வராது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றில் மட்டும் கவனம். எமுலேட்டரில் நேரம் நிஜம் மாதிரி ஓடாது. நிஜ சிப் யோசித்துச் செய்யும் வேலையை, எமுலேட்டர் சிப் சொன்ன மாத்திரத்தில் முடித்துவிடும். ‘இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்’ என்ற வரி நிரலில் விட்டுப்போயிருந்தால் இங்கே தெரியாது. நிஜ போர்டில் பல்லைக் காட்டிவிடும். ஆஸ்பத்திரிக் கருவிக்கோ காருக்கோ நிரல் எழுதுகிறவர்கள், எமுலேட்டரில் தேறியதோடு நிறுத்தாமல் நிஜ போர்டிலும் சோதிப்பது அதனால்தான். உன் புராஜெக்ட் அறிக்கையிலும் இதை ஒரு பத்தியாக எழுது. கேள்வி கேட்கும் பேராசிரியருக்கு நீயே முந்திக்கொண்டு பதில் சொன்னதாக இருக்கும்.

47-ஐ 15 ஆக்கிவிட்டு, மணிக் கணக்கு எவ்வளவு ஏறியது என்று எழுதும்மா. அடுத்த வாரம், புது போனில் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று கேட்ட வாசகருக்குப் பதில்.