நம்மவர் பாட்டும் நமது பொய்ப் புகழும்

இந்நாட்டுத் தமிழ் வாலிபர்கள் சொந்தமாகப் பாடி வெளியிடும் பாட்டுகளைப் பற்றி ஒருவன் உள்ளதை உள்ளபடி கூறினால், அவன்மீது இரண்டு திசைகளிலிருந்தும் கல் விழுகிறது. "நம் பிள்ளைகளை நாமே தூக்கிவிடாவிட்டால் வேறு யார் தூக்கிவிடுவார்?" என்று ஒரு கூட்டத்தார் சீறுகிறார்கள். "சென்னையில் உள்ளவர்கள் செய்வதை இவர்கள் செய்துவிட முடியுமா? இதற்கு விமரிசனம் வேறா?" என்று மற்றொரு கூட்டத்தார் நகைக்கிறார்கள். முதற் கூட்டம் பாட்டைக் கேளாமலே புகழ்கிறது. இரண்டாங் கூட்டம் பாட்டைக் கேளாமலே இகழ்கிறது. கேளாமை என்னும் குணத்தில் இவ்விரு கூட்டத்தாரும் உடன்பிறந்தாரே என்பது என் முதல் அபிப்பிராயம்.

நான் சங்கீத வித்துவானல்லன். தாப்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, வானொலிப் பெட்டியின் அருகில் வளர்ந்து, பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தபின் டவுனுக்கு வந்து சேர்ந்தவன். பாட்டுக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆயினும், சோறு வெந்ததா இல்லையா என்று சொல்வதற்குச் சமையற்காரனாக இருக்க வேண்டியதில்லை. பசித்தவனாக இருந்தாற் போதும்.

பிறர் குற்றத்தைச் சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பழைய தோட்டத்து வாலிபர் ஒருவர் தாம் பாடிய பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டி, "அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டார். குரல் நன்றாயிருந்தது, பாட்டு நன்றாயில்லை. மெட்டு எங்கோ கேட்ட சினிமா மெட்டு. சொற்களோ, அவர் ஒருநாளும் கண்டிராத மதுரை வீதியையும் சென்னைக் கடற்கரையையும் பற்றியவை. இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "பிரமாதம், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தொழிற்சாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததோடு கடனும் வாங்கி, அதே அச்சில் மேலும் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்து, படமும் பிடித்து வெளியிட்டார். எல்லோரும் "பிரமாதம்" என்றோம். ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. இன்று அவர் பாடுவதில்லை. கடனை மட்டும் அடைத்து வருகிறார். அக்குரலை அடக்கியது சென்னையன்று, வானொலியுமன்று, என்னையொத்தவர்கள் கூசாமற் சொன்ன பொய்யேயாகும்.

கண்டித்தால் கலை அழிந்துவிடும் என்பார் நம்மில் அநேகர். 1930களில் கல்கி அவர்கள் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' எழுதியபோது, பேர்பெற்ற வித்துவான்களையும் கண்டிக்கத் தயங்கவில்லை. அதனால் சங்கீதம் அழிந்துவிட்டதா? 1941ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடி, 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், தமிழ்ப் பாட்டு மிகுந்தால் கச்சேரியின் தரம் குறைந்துவிடும் என்று வாதித்தவர் பலர். "தமிழ் என்பதற்காகப் புகழுங்கள்" என்ற கெஞ்சலால் அவ்வாதம் வீழவில்லை. நல்ல பாட்டுகளைத் தேடியும் இயற்றியும் மேடையிற் பாடிக் காட்டியதனாலேயே வீழ்ந்தது.

நிற்க. நம் நாட்டுக் கதைக்கு வருவோம். பினாங்கில் பிறந்த தமிழ்ச் சகோதரர்களான லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் அலிகேட்ஸ் என்னும் குழுவாக மலாய்ப் பாட்டுகள் பாடினார்கள். நாடு முழுவதும் இன மத பேதமின்றி அவர்களைத் தன்னவராகக் கொண்டது. ஆதலால் நம்மவர்க்குக் குரல் இல்லை, தாளம் இல்லை என்பது வெறும் பேச்சு. 2006ல் யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 'வல்லவன்' என்னும் தட்டை வெளியிட்டபோது, அக்குரல் தமிழிலும் எழுந்தது. அதன் பெருமை யாதெனில், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சொல்லிசையை எடுத்துக்கொண்டு, நாணாமல், கொச்சைப்படுத்தாமல், தமிழைத் தமிழாகவே அதில் ஓடவிட்டதாகும். சென்னை இதைக் கண்டு கதவை மூடிவிடவில்லை. 2007ல் 'பொல்லாதவன்' படத்திலும், பின்னர் 'ஆடுகளம்' படத்திலும் யோகி பியின் குரலை அழைத்துக்கொண்டது. "மலேசியத் தமிழனைச் சென்னை மதியாது" என்று புலம்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு குறையை மறைத்தல் தகாது. அத்தட்டில் மிகவும் பேர்பெற்ற 'மடை திறந்து', 1980ல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டின்மேற் கட்டப்பட்டது. முன்னோர் போட்ட அடித்தளத்தின்மேல் வீடு கட்டுவது குற்றமன்று. சொல்லிசையின் வழக்கமும் அதுவே. பின்வந்த நம் வாலிபரிற் பலரோ, அடித்தளத்தைக் கடன் வாங்கியதை மட்டும் கற்றுக்கொண்டார்கள். மேலே எழுப்பிய வீட்டைக் கற்கவில்லை. பழைய சினிமா மெட்டு ஒன்று, நடுவில் விரைவாகச் சில சொற்கள், முடிவில் தன் பெயரைத் தானே நான்கு முறை கூவுதல். இதுவே புதுமை என்று நம்பிவிட்டார்கள்.

இனி ஒரு முக்கிய விஷயம். 2021ல் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அப்பாட்டை யூடியூப் வாயிலாகக் கோடிக்கணக்கானவர் கேட்டனர். அதன் வேர் எங்கேயிருந்தது? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நினைவில் இருந்தது. தோட்டத்துக் கிழவி ஒருத்தியின் வாய்மொழி உலகத்தை ஆடவைத்தது. அதைக் கேட்ட அன்று எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின. ஏன் வெட்கம்? தாப்பாவிலிருந்து கெமரன் மலைக்கு ஏறும் பாதையின் முடிவில் தேயிலை இல்லையா? அதன் அடிவாரத்தில் ரப்பர் இருக்கவில்லையா? விடியுமுன் பிரட்டுக்கு நின்றவர்களும், நெற்றி விளக்கோடு நிரை நிரையாகப் பால் வெட்டியவர்களும் நம் பாட்டிமார்களல்லரோ? தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், மூட்டை முடிச்சுகளோடு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! இலங்கைப் பாட்டிக்குப் பேரன் கிடைத்தான். நம் பாட்டிமார்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? பேரன் இருக்கிறான். அவன் மதுரை வீதியைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்கிறான்!

அப்பாட்டின் பின்கதையும் நமக்குப் பாடமாகும். பாட்டை உண்டாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று 2022ல் பகிரங்கமாகக் கருத்து வேற்றுமை எழுந்தது. அதை வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து தமக்கு வருமானம் ஒன்றும் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லுதல் நம் வேலையன்று. ஆயினும், கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், பாட்டுக்கும் கணக்கு உண்டு, கையெழுத்திடுமுன் அதைப் படிக்க வேண்டும் என்பதையாவது கற்றுக்கொள்ள வேண்டாமா?

அடுத்து, பெண்களைத் திட்டும் பாட்டுகளைப் பற்றி. 2011 நவம்பரில் வெளிவந்த 'கொலைவெறி' காதலில் தோற்றவனின் முறையீட்டைச் சிறு குழந்தையும் பாடும்படி செய்தது. அதன் மெட்டின் எளிமையை நான் மறுக்கவில்லை. அக்காலத்திலேயே பரவி, 2012ல் 'ஹிப்ஹாப் தமிழன்' தட்டிலும் இடம்பெற்ற 'கிளப்புல மப்புல' என்னும் பாட்டோ, பெண் எப்படி உடுத்த வேண்டும், எங்கே போகக் கூடாது என்று உபதேசிக்கப் புகுந்தது. அன்றே அதற்குக் கண்டனமும் எழுந்தது. அவ்விரண்டின் பின்னே நம் ஊரில் வந்த பிரதிகளை எண்ணி முடியாது. பெண் ஏமாற்றினாள், ஆதலால் நான் குடிக்கிறேன், குடிப்பதனால் நான் வீரன்: பாட்டு முழுவதும் இவ்வளவே. தோட்டங்களிற் கள்ளுக்கடை நடந்த காலத்தில், புருஷன் சம்பளத்தை அங்கே விட்டுவர, தன் கூலியைக் கொண்டு அடுப்பு மூட்டியவள் யார்? விடியற்காலையிற் பால் வெட்டி, பகலிற் புல் வெட்டி, இரவிற் பிள்ளையைப் படிக்க வைத்தவள் யார்? அவளுடைய மகன் ஒலிவாங்கியைப் பிடித்தவுடன் பெண்ணினத்துக்கு ஒழுக்கம் போதிக்கப் புறப்படுவது நன்றிகெட்ட செயலன்றோ!

கத்தியும் கூட்டாளியும் புகழப்படும் பாட்டுகள் இன்னொரு வகை. சென்ற ஆண்டு ஒரு கலியாண மண்டபத்தில், 'எங்கள் கூட்டத்தை எதிர்த்தால் ரத்தம்' என்னும் பொருளுள்ள பாட்டொன்று முழங்கிற்று. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் விரலைக் கத்தியாக நீட்டி ஆடினார்கள், பெரியோர் கைதட்டினார்கள். அக்கூட்டத்தில், குண்டர் சண்டையில் மகனை இழந்த தாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கைதட்டவில்லை. "அது வாழ்க்கையின் உண்மை, அதைப் பாடக் கூடாதா?" என்று கேட்பார்கள். பாடலாம். ஆனால் உண்மையைப் பாடுவதானால், கத்தி எடுத்தவனை மட்டும் பாடினாற் போதாது. சிறைவாசலில் நிற்கும் அவன் தாயையும் பாடவேண்டும். பாதியை விட்டுவிட்ட உண்மை விளம்பரமேயாகும்.

இவ்வளவும் கூறியதனால், பாட்டென்றால் அழுகையும் போராட்டமுமாகவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2024ல் சாய் அபயங்கர் வெளியிட்ட 'கட்சி சேர' காதற்பாட்டே. அதில் எந்த ஊரின் மண்வாசனையும் எனக்குத் தட்டுப்படவில்லை. ஆயினும் கடைக்குப் போகும் வழியில் அதன் மெட்டை நானும் முணுமுணுத்ததுண்டு. இலங்கைப் பொப் பாட்டுக்காரர் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' வெறும் விளையாட்டுப் பாட்டு. ஆனால் கேட்டவுடனே கடலும் மீனும் பைலாத் தாளமும் அது எந்த நாட்டுப் பாட்டென்று சொல்லிவிடும். விளையாட்டுப் பாட்டுக்கும் ஊர் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. பத்தாங் பாடாங் ஆற்றில் குதித்துக் குளித்தவன், தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தவன், மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் கலந்து தமிழ் பேசிச் சிரித்தவன், அந்தச் சிரிப்பைப் பாட்டாக்கட்டுமே! யார் வேண்டாமென்றார்?

"இந்நாட்டில் இந்தியர் மொத்தமே சுமார் 20 லட்சம் பேர், சந்தை சிறிது, கடுமையாக எழுதினால் இருப்பதும் போய்விடும்" என்பது கடைசி வாதம். சந்தை சிறியதாதலால்தான் நேர்மை அதிகம் வேண்டியிருக்கிறது. பெரிய சந்தையிற் கெட்ட சரக்கு பத்து விழுந்தாலும் நல்ல சரக்கு ஒன்று தானே தலைதூக்கும். சிறிய சந்தையில் ஒரு வாலிபன் தன் சேமிப்பை ஒரு முறைதான் செலவிட முடியும். அந்த ஒரு முறையைப் பொய்யால் கெடுப்பவன் அவனுக்கு அண்ணனுமல்லன், தோழனுமல்லன்.

ஆகவே, கேட்பவர்கள் முழுப் பாட்டையும் கேட்டபின் பேசட்டும். பிடித்திருந்தால் காசு கொடுத்துக் கேட்கட்டும். பத்திரிகைகள், வெளியீட்டு விழாவில் மாலை போட்ட படத்தை அச்சிடுவதோடு நில்லாமல், பாட்டின் குணத்தையும் குற்றத்தையும் எழுதட்டும். வானொலியார், நம்மவர் பாட்டைப் பிச்சையாகப் போடாமல், நல்லதைத் தேர்ந்து பலமுறை போடட்டும். பாடுகிறவர்கள், பேனாவை எடுக்குமுன் தம் வீட்டுக் கிழவியின் அருகே ஒரு மாலைப்பொழுது உட்காரட்டும்.

என்னிடம் பாட்டைக் கொண்டுவந்த அந்தத் தம்பி இதைப் படிக்கக் கூடும். அவருக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்லுகிறேன்: தம்பி, உன் குரல் நல்ல குரல், அப்பாட்டு உன் பாட்டன்று. உன் பாட்டைப் பாடு. குறை இருந்தால் இம்முறை மறைக்காமற் சொல்வேன்.