படித்துக் காட்டாத திருத்தம்

சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று சங்க நூலகத்தில் நாளேடு புரட்டிக்கொண்டிருந்தோம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அருகில் வந்தமர்ந்து, "தம்பி, டொராண்டோவில் இருக்கும் என் பேத்தி தன் நாட்டியத்தைப் படமெடுத்து யூட்யூபில் ஏற்றுகிறாள். அந்த நாட்டில் ஏதோ ஒலிபரப்புச் சட்டம் வந்திருக்கிறதாமே. குழந்தைக்குத் தொல்லை ஒன்றும் வராதே?" என்று வினவினார்.

வராது என்பதே விடை. தன் படத்தைத் தானே ஏற்றுகின்ற ஒருவர், அக்காரணத்தால் ஒலிபரப்பு நிறுவனம் ஆகிவிடமாட்டார் என்று அச்சட்டமே கூறுகின்றது. பெரியவர் மனம் தெளிந்து வீடு சென்றார். ஆயினும் அச்சட்டம் உருவான கதையில் நம் போன்றோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. அதனை இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

கனடாவின் ஒலிபரப்புச் சட்டம் 1991-ஆம் ஆண்டினது. வானொலியையும் தொலைக்காட்சியையும் கருதி இயற்றப்பட்ட சட்டம் அது. பின்னர் இணையத்தின் வழியே பாட்டும் படமும் வழங்கும் பெரிய நிறுவனங்கள் தோன்றின. உள்நாட்டு நிலையங்களைப் போலவே அவையும் கனடியக் கலைஞர்க்குத் தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்பது அரசின் கருத்து. அதற்கென 2020 நவம்பர் 3-ஆம் நாள் சி-10 என்னும் மசோதாவை அமைச்சர் ஸ்டீவன் கில்போ கொண்டுவந்தார். மக்கள் சபை அதனை ஆராயுமாறு தன் பாரம்பரியத் துறைக் குழுவிடம் ஒப்படைத்தது.

குழுவில் வாக்கெடுப்பு நடைபெறும் முறை யாது? மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்துக்கொள்வர். ஒரு பிரிவுக்குத் திருத்தம் இருப்பின், அதனை ஓர் உறுப்பினர் முன்மொழிந்து காரணம் கூற, மற்றவர் விவாதிப்பர். திருத்தத்துக்கே ஒரு திருத்தம் வருமாயின் முதலில் அதன்மீது வாக்கு, அடுத்துத் திருத்தத்தின்மீது, இறுதியாகத் திருந்திய பிரிவின்மீது. மசோதாவின் எல்லைக்கு அப்பாற்பட்ட திருத்தத்தைத் தலைவர் தள்ளிவிடலாம். இரு புறமும் வாக்குகள் சமமானால் மட்டுமே தலைவர் வாக்களிப்பார். தலைவரின் தீர்ப்பை ஏற்காதோர் அதன்மீது குழுவின் வாக்கைக் கேட்கலாம். அவ்வாக்கெடுப்புக்கு விவாதம் கிடையாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு பிரிவையே நீக்க விரும்புவோர் அதற்கெனத் திருத்தம் கொண்டுவர இயலாது. அப்பிரிவுக்கு எதிராக வாக்களித்தாலே போதும், அது வீழ்ந்துவிடும். பொதுமக்கள் ஏற்றும் படங்களுக்கு ஒழுங்குமுறையிலிருந்து விலக்களிக்கும் 4.1 என்னும் விதி, முதலில் அந்த மசோதாவில் இடம்பெற்றிருந்தது. 2021 ஏப்ரல் 23-ஆம் நாள் குழுவில் அதற்கு எதிராக வாக்களிக்கப்பட்டு, அவ்விதி நீங்கிற்று. தனி மனிதருக்குத் தீங்கில்லை என்றும், பெரிய நிறுவனங்களே குறி என்றும் அரசினர் கூறினர். மக்கள் ஏற்றும் படம் எவ்வாறு பிறர் கண்ணுக்கு எட்டும் என்பதில் அதிகாரிகள் கை வைக்க இது வழிவிடும் என்று எதிர்ப்போர் கூறினர். நாடெங்கும் பெரும் வாதம் எழுந்தது.

விவாதம் நீண்டுகொண்டே சென்றமையால், 2021 ஜூன் 7-ஆம் நாள் மக்கள் சபை காலவரையறை ஒன்றை விதித்தது. குழுவுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் மட்டுமே உண்டு. அதன் பின் எஞ்சிய பிரிவுகளை விவாதமின்றி உடனே வாக்குக்கு விட வேண்டும் என்பது ஆணை. ஜூன் 10-ஆம் நாள் அவ்வைந்து மணியும் தீர்ந்தது. இதுவரை முன்மொழியப்படாத திருத்தங்களை இனி எடுத்துக்கொள்ள இயலாது எனத் தலைவர் ஸ்காட் சிம்ஸ் தீர்ப்பளித்தார். அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் என்பதை அன்பர்கள் கருத வேண்டும். எனினும் குழுவின் பெரும்பான்மையினர் அவர் தீர்ப்பைத் தம் வாக்கால் மாற்றினர். பின்னர் திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாக்குக்கு வந்தன. எண் கூறப்பட்டது, வாக்கு எண்ணப்பட்டது. திருத்தத்தின் சொற்கள் படிக்கப்படவில்லை, விளக்கமும் இல்லை. உறுப்பினர் கையில் தாள் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கோ எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்பது தெரியவில்லை.

இது முறையன்று என்று சபையில் முறையீடு எழுந்தது. பொதுவாகச் சபாநாயகர் குழுவின் நடவடிக்கையில் தலையிடுவதில்லை. ஆனால் 2021 ஜூன் 15-ஆம் நாள் சபாநாயகர் அந்தோணி ரோட்டா, சபையின் ஆணையைக் குழு மீறிவிட்டது என்று கண்டு, நேரம் முடிந்தபின் செய்த அத்திருத்தங்கள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தார். மசோதாவை அவையின்றி மீண்டும் அச்சிடவும் பணித்தார். அரசினர் தமக்கு வேண்டிய திருத்தங்களைச் சபையிலேயே மறுபடியும் கொண்டுவர நேர்ந்தது. மசோதா ஜூன் 22-ஆம் நாள் மக்கள் சபையில் நிறைவேறிச் செனட் சபைக்குச் சென்றது. ஆகஸ்ட் 15-ஆம் நாள் பாராளுமன்றம் கலைக்கப்பட, மசோதாவும் மடிந்தது.

மறு ஆண்டு பிப்ரவரியில் அது சி-11 என்ற பெயரில் மீண்டும் பிறந்தது. நீக்கப்பட்ட 4.1 விதியும் சில விலக்குகளுடன் திரும்பி வந்தது. அம்முறையும் அவசரம் நீங்கவில்லை. 2022 ஜூன் 14 இரவு 9 மணிக்குப் பின், எஞ்சிய திருத்தங்கள் யாவும் முன்மொழியப்பட்டனவாகவே கொண்டு, விவாதமின்றி வாக்குக்கு விடப்பட்டன. இம்முறை சபையின் ஆணையே அவ்வாறு வகுத்திருந்தமையால் அது விதிக்கு உட்பட்டது. பின்னர் செனட் சபை நெடுநாள் ஆராய்ந்து, 26 திருத்தங்களுடன் அனுப்பியது. மக்கள் சபை சிலவற்றை ஏற்க மறுத்தது. 2023 ஏப்ரல் 27-ஆம் நாள் அது சட்டமாயிற்று.

நாம் ரயில்வேயில் குமாஸ்தா. சட்டம் படித்தவரல்லோம். ஆனால் ஒன்று அறிவோம். கேட் அடைக்கப்பட்டதா என்று ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் கேட்கின்றபோது, "அடைத்தேன்" என்ற ஒரு சொல் போதாது. பிரைவேட் நம்பர் கொடுக்க வேண்டும். கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்லி ஏட்டில் எழுத வேண்டும். வண்டி தாமதமாகின்றது என்பதற்காக அதனை எவரும் விடுவதில்லை. வாய்விட்டுச் சொல்லுவதில் செல்லும் அரை நிமிடம் எத்தனை உயிரைக் காக்கின்றது என்பது இத்துறையில் கடைநிலை ஊழியருக்கும் தெரியும்.

இவ்வளவு கூறுகின்ற நாமே ஒரு முறை தவறினோம். முன்னர் வேறோர் ஊரில் பணியிலிருந்தபோது, அங்கு ஓர் அமைப்பில் உறுப்பினராயிருந்தோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் விதித் திருத்தங்கள் வந்தன. சாப்பாட்டு வேளை, இலை போட்டாயிற்று. "படித்ததாகக் கொள்ளலாமா?" என்று கேட்டனர். அனைவரும் கை உயர்த்தினர், நாமும் உயர்த்தினோம். அவற்றுள் ஒன்று, பிள்ளைகளின் கல்வி உதவியைப் பணியிலுள்ள உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தது. அடுத்த ஆண்டு, கணவரை இழந்த ஓர் அம்மையார் தம் மகனுக்காக விண்ணப்பித்தார். விதி இடந்தரவில்லை என்று மறுமொழி சென்றது. அந்த அம்மையார் நம் வீட்டுக்கு வந்து, "நீங்களும் அன்று கூட்டத்தில் இருந்தீர்கள் அல்லவா, அண்ணா?" என்றுதான் கேட்டார். வேறொன்றும் கூறவில்லை. எவரும் தீங்கு எண்ணிச் செய்ததன்று. எவரும் படிக்கவில்லை, அவ்வளவே. மறு கூட்டத்தில் விதியை மாற்றினோம். ஆனால் அப்பையனுக்கு அந்த ஓராண்டு திரும்பவில்லை.

நம் நாட்டிலும் 2023 நவம்பரில் ஒலிபரப்புச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் மசோதாவின் வரைவொன்றை மத்திய அரசு மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அத்தகையதொரு மசோதா நாளை பாராளுமன்றக் குழுவின் முன் வருமாயின், யார் வென்றார் என்பதை மட்டும் செய்தியில் தேடாமல், எந்தச் சொல்லின்மீது வாக்கெடுத்தனர் என்பதையும் தேடிப் படிப்போமாக. பெரும்பான்மை வேண்டும், அவசரமும் சில வேளை தவிர்க்க இயலாதது. ஆயினும் எதற்குக் கை உயர்த்துகின்றோம் என்பதை, அதற்குக் கட்டுப்பட வேண்டியவர் காதில் விழச் சொல்லிய பின்னரே உயர்த்த வேண்டும்.

நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலும் விதித் திருத்தம் எதுவும் வருமாயின், ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்குமாறு நாம் எழுந்து வேண்டுவோம். சாம்பார் சற்று ஆறினால் ஆறட்டும். அன்பர்கள் நம்மைச் சினவாது, உடன் எழுந்து நிற்பார்கள் என நம்புகின்றோம்.